பளபளவென்று வந்த பாட்டில்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புனே பக்கம் தேஹு ரோட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே மராத்தியில் பேச வேண்டும் என்றார்கள். தமிழிலேயே வாய் திறக்காத பிள்ளை நான். படிப்பு அதோடு நின்றது. ல, ள, ழ மூன்றில் எது எங்கே வர வேண்டும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். நம் தமிழ்ச் சங்க மலர்க்குழுவினர் பொறுத்துக்கொண்டு பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்ததற்கு நம் சங்கச் செயலாளர்தான் காரணம். சென்ற பொங்கல் விழாவில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை போட்டபோது, "நம்ம மாரிமுத்து ஆஸ்பத்திரி லேபில் ஒரு கிருமியைத் தனி ஆளாகக் கண்டுபிடித்து ஒரு பெரியவர் உயிரைக் காப்பாற்றியவர்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. மேடையை விட்டு இறங்கி வடை போடும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சொன்னதில் பெரியவர் உயிர் ஊசலாடியது உண்மை. மற்றது எல்லாம் தப்பு. நடந்ததை ஒருதரம் சரியாக எழுதிவிட்டால் அடுத்த பொங்கலுக்கு நிம்மதியாக உட்கார்ந்து வடை சாப்பிடலாம்.

லேபில் பாட்டில் கழுவத்தான் முதலில் சேர்ந்தேன். கழுவக் கற்றேன், அடுக்கக் கற்றேன், உடைத்துத் திட்டு வாங்கக் கற்றேன். பிறகு மீடியா அறைக்கு மாற்றினார்கள். மீடியா என்றால் செய்தித்தாள் இல்லை. கிருமிக்குப் போடும் சாப்பாடு. நோயாளியின் ரத்தமோ மலமோ வந்தால் அதில் எந்தக் கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று டாக்டர் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் கிருமி கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர வேண்டும். அது வளரச் சமைத்துப் போடுகிறவன் நான்.

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இதனால் ஒரு கூத்து நடந்தது. "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றார்கள். என் அக்கா, "ஆஸ்பத்திரியில சமையல்" என்றாள். "நோயாளிங்களுக்கா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றைக்கென்று எனக்குப் பேச்சு வந்தது. "இல்லீங்க, கிருமிங்களுக்கு" என்றேன். கேசரித் தட்டை அப்படியே உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நானும் பெண் பார்க்கப் போகவில்லை. நாற்பது வயதும் தாண்டிவிட்டது.

ஆனால் அந்தச் சமையல் எனக்குப் பிடித்திருந்தது. கடல்பாசிப் பொடியையும் சத்துப் பொடியையும் எடை போட்டு, வடித்த நீரில் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு ஆட்டோகிளேவில், அதாவது ஆள் உயரப் பிரஷர் குக்கரில், வைத்து அவிக்க வேண்டும். இறக்கி ஆறவிட்டு, குடுவையை முன்கையில் ஒட்ட வைத்துப் பார்ப்பேன். கை சுடவும் வேண்டும், பொறுத்துக்கொள்ளவும் முடிய வேண்டும். அந்தப் பதத்தில் ஊற்றினால் தட்டு வழவழவென்று வரும். சூடு அதிகமானால் மூடியில் வேர்த்துவிடும். ஆறிப்போனால் கட்டி தட்டும். வயிற்றுப்போக்குக் கிருமிக்கான சிவப்புத் தட்டு மட்டும் வேறு மாதிரி. அதை அவிக்கவே கூடாது. கொதி கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும், ரசம் இறக்குவது போல.

எங்கள் தலைமை டாக்டர் குல்கர்னி மேடம். குள்ளமாக, ஒடிசலாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் வந்ததும் முந்தின நாள் தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, தலையைச் சாய்த்து, சேலையின் நெசவைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பிறகு தட்டைப் பார்த்து மராத்தியில், "காய் ரே, காய் ம்ஹணதோஸ்?" என்பார். "என்னடா, என்ன சொல்றே?" என்று அர்த்தம். கிருமி அவருக்கு என்ன பதில் சொல்லுமோ, சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார். ஒரு தட்டு சரியாக வரவில்லை என்றால், "முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்" என்பதுதான் அவர் வழக்கம். வார்டைக் குறை சொல்வதோ நோயாளியைக் குறை சொல்வதோ அதற்குப் பிறகுதான்.

கிருமி வளர்ந்த பிறகு மருந்துப் பரிசோதனை. பொட்டு அளவுக் காகித வில்லைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மேலே வில்லைகளை வட்டமாக வைப்பார்கள். மறுநாள் ஒரு வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் விழுந்திருந்தால் அந்த மருந்து கேட்கும். கிருமி வில்லையை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தால் கேட்காது. நான் சேர்ந்த காலத்தில் வளையங்கள் பெரிது பெரிதாக விழுந்து ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். எங்கள் டெக்னீஷியன் ஷிண்டே, "ஸ்கேலை எங்கே வைத்து அளப்பது?" என்று சலித்துக்கொள்வான். வருஷம் போகப் போக வளையங்கள் சுருங்கின. சில மருந்துகளுக்கு வளையமே விழுவதில்லை. "மெடிக்கல் கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறோம், கொஞ்சம் தேறினதும் நிறுத்திவிடுகிறோம். செத்தது செத்தது போக மிச்சம் இருப்பது அந்த மாத்திரையைத் தாங்கின கிருமி. அப்புறம் அதனுடைய பிள்ளைகுட்டிதான் ஊரெல்லாம்" என்பார் மேடம்.

இனி ஏகாம்பரம் என்ற பெரியவர் கதைக்கு வருகிறேன்.

அவர் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சிநேகிதர்கள் கூடி ஒரு விருந்து சாப்பிட்டார்கள். மறுநாள் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். இவர் பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்திருக்கிறார். ரத்தமும் சீதமுமாகப் போக ஆரம்பித்து, காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வார்டில் பெரிய ஊசிதான் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. எந்த ஊசி கேட்கும் என்று தெரிய மலப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலில் கொடுத்தது அவருடைய மகள் அமுதா. கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலை. சிலிண்டர் வரவில்லை என்று கத்துகிற ஊர் ஜனங்களை மூன்று மொழியில் சமாதானம் செய்கிறவள். நானோ ஒரு மொழியிலும் பேசாதவன். பாட்டிலை வாங்கித் தலையை ஆட்டினேன். பாட்டில் பளபளவென்று இருந்தது. இவ்வளவு சுத்தமாக யாரும் கொடுத்ததில்லை.

மறுநாள் வந்து, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று இந்தியில் கேட்டாள். "பையா, ஏகாம்பரம் கா ரிப்போர்ட் ஆயா க்யா?"

தட்டில் ஒன்றுமே வளரவில்லை. இல்லை என்று தலையாட்டி, புது பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் ஜன்னலை விட்டு நகராமலே போனை எடுத்து வார்டில் இருக்கும் அப்பாவோடு தமிழில் பேசினாள்.

"அப்பா, ஒண்ணும் வரலையாம். மறுபடியும் எடுக்கணுமாம். யாரு சொன்னாங்களா? எங்க சொன்னாங்க! இங்க ஒருத்தரு கீறாரு, தலையை மட்டும்தான் ஆட்டறாரு. வாயில கொழுக்கட்டை வெச்சிருக்காரு போல."

எனக்குத் தமிழ் தெரியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் போய்விட்டாள்.

அடுத்த தரமும் பளபளவென்று பாட்டில் வந்தது. அடுத்த நாளும் தட்டு காலி. இந்தத் தரம் போனில், "ஊமையா இல்லையான்னு எனக்கு இன்னா தெரியும்? பாவம்பா. ஆளு பார்க்க நல்லாத்தான் கீறாரு" என்றாள்.

நான் உள்ளே போய் ஊற்றிய தட்டுகள் எல்லாவற்றிலும் குமிழி விழுந்தது. ஷிண்டே எட்டிப் பார்த்து, "அரே மாரி, இன்னிக்கு இட்லியா ஊத்தறே?" என்றான்.

ஆனால் மாடி வார்டில் நிலைமை சிரிக்கும்படி இல்லை. பெரியவர் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கொண்டு வந்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. வார்டு டாக்டர் மேடத்துக்குப் போன் செய்தார். "ரெண்டு ஊசி மாற்றிப் போட்டுவிட்டேன் மேடம். கிட்னி கெட ஆரம்பித்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எது கேட்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்." மேடம் போனை வைத்துவிட்டு ஏகாம்பரத்தின் காலித் தட்டுகளை மறுபடியும் எடுத்து மேஜையில் வைத்தார். அன்று மத்தியானம் ஜன்னலுக்கு வந்த அமுதா அப்பாவுக்குப் போன் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்" என்றார் மேடம்.

அதாவது என் சமையலை. நான் ஊற்றிய அதே தட்டுகளில், லேபில் எப்போதும் பத்திரமாக வைத்திருக்கும் நல்ல வீரியமான கிருமி ஒன்றைக் கோடு கோடாக இழுத்து வைத்தார். மறுநாள் அது புல் முளைத்த மாதிரி மண்டிக் கிடந்தது. மற்ற நோயாளிகளின் கிருமியும் அதே தட்டில் வளர்ந்தது. என் சாப்பாட்டில் குறை இல்லை என்று ஆயிற்று.

"அப்போ மாத்திரைதான் காரணம்" என்றான் ஷிண்டே. "கிழவர் கண்டபடி மாத்திரை போட்டிருக்கிறார், ஊசி வேறு போகிறது. உள்ளேயே கிருமி செத்துப்போயிருக்கும். அதான் வளரவில்லை."

மேடம் காலித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "உள்ளே செத்திருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டிருக்க வேண்டும். காய்ச்சல் ஏன் இறங்கவில்லை?" என்றார். பிறகு மெதுவாக, "வயிற்றில் சாகாத கிருமி பாட்டிலில் சாகிறது. ஊசி கொல்லாததைப் பாட்டிலில் யார் கொல்கிறார்கள்?" என்றார்.

கண்டுபிடித்தது இதுதான், கண்டுபிடித்தவரும் இவர்தான். செயலாளர் கவனிக்க வேண்டும்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "மாரி, ஏகாம்பரம் என்பது உங்கள் பக்கத்துப் பெயர்தானே? நீ வார்டுக்குப் போ. பாட்டில் அவர் கைக்குப் போவதிலிருந்து நம் ஜன்னலுக்கு வருவதுவரை என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து பார். நீயாக எதுவும் சொல்லிக் கொடுக்காதே. பார், அவ்வளவுதான்."

ஒரு பெண் முன்னால் நின்று, உங்கள் அப்பா வெளிக்குப் போவதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று மாடி ஏறினேன். வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். மேலே போனதும் எல்லாம் அவிழ்ந்துவிட்டது.

அமுதா என்னைப் பார்த்து, நீங்கள் எங்கே இங்கே என்று இந்தியிலேயே கேட்டுக்கொண்டு எழுந்தாள். "பையா? ஆப் இதர்?"

"நான்... லேப்ல இருந்து வரேங்க. மேடம் அனுப்பினாங்க" என்றேன். தமிழில்.

அவள் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்புப் போதாது. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயையோ! எல்லாம் கேட்டுதா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். பழக்கதோஷம்.

கட்டிலில் கண் மூடிக் கிடந்த பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "இன்னாம்மா, இவருதானா அந்த ஊமை? நல்லாத்தான பேசறாரு."

"அப்பா, நீ சும்மா படுத்துக்க!"

"எந்த ஊருப்பா உங்களுது?"

"ஆம்பூர் பக்கங்க. அப்பா இங்க டிப்போவுக்கு வந்தாரு."

"டிப்போவா?" என்று இரண்டாவது கண்ணையும் திறந்தார். அந்த நிலையிலும் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. எந்த ஷெட், எந்த ஃபோர்மேன் என்று கேட்க ஆரம்பித்தவருக்கு வயிறு கலக்கியது. பாட்டிலைக் கேட்டார். கழிப்பறைவரை இரண்டு பக்கமும் தாங்கிப் போனோம். வெளியே கதவருகில் நானும் அமுதாவும் நின்றோம். அவள் சுவரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு ஆணும் பெண்ணும் முதல்முதலாகப் பக்கத்தில் நின்று காத்திருக்க இதைவிட மோசமான இடம் புனேயில் கிடையாது.

பெரியவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சிறிது மூச்சு வாங்கினார். பிறகு தலைமாட்டு அலமாரியைத் திறந்து, துணிக்குப் பின்னாலிருந்து சின்ன இருமல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது. அதைப் பரிசோதனை பாட்டிலில் ஒரு மூடி ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி, மேலாக நின்றதை வாஷ்பேசினில் வடித்துவிட்டு, வெளியே கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார். முதுகு நேராக இருந்தது.

"எட்த்துக்கினு போங்க. பளபளன்னு கீதா?"

"என்னங்கய்யா அது, வெள்ளையா?"

"ஃபினாயிலு. கூட்டறவன்கிட்ட கொஞ்சம் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். பின்ன? டாக்டரம்மா பார்க்கறது. நாத்தமா அனுப்பறதா? ஜெனரல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராருன்னா நாங்க நெலக்கரியைக்கூட கழுவி அடுக்குவோம். ஆபீசர் கைக்குப் போற சாமான் சுத்தமா போவணும். என் சர்வீஸ்ல ஒரு ரிமார்க் வாங்கனதில்ல."

ஆஸ்பத்திரி முழுக்க ஃபினாயில் போட்டுத் துடைக்கிற இடம். எங்கள் லேபிலும் வாளி வாளியாக இருக்கும். அந்த வாசனையை எங்களில் ஒருவர் மூக்கும் கண்டுகொள்ளவில்லை.

அமுதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! உள்ள எந்தக் கிருமி கீதுன்னு தேடத்தானே அவங்க கேக்கறாங்க! அதைக் கொன்னுட்டுக் குடுத்து அனுப்பறியா?"

"கிருமி செத்தா நல்லதுதான?"

"வயித்துல சாவணும்பா! பாட்டில்ல செத்து என்னா பிரயோஜனம்!"

அவள் கத்திக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் மராத்தியில் என்ன விஷயம் என்று விசாரித்தார். அவருக்கு நான் விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் மராத்தி பேசியது அதுதான் முதல் தடவை. வார்டே சிரித்தது.

கீழே போய் மேடத்திடம் சொன்னேன். நிலக்கரி கழுவியதையும் சொன்னேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சட்டென்று எழுந்தார். "புது பாட்டில். ஒன்றும் சேர்க்காமல், துடைக்காமல், அப்படியே. அந்தக் கிருமி வெளியே வந்தால் ரொம்ப நேரம் தாங்காது. கையில் வந்ததும் ஓடி வா."

ஓடி வந்தேன். மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வழியில் ஒரு சிஸ்டர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். விலகி வழிவிட்டார். மேடம் தயாராக நின்றார். வாங்கிய கையோடு என் சிவப்புத் தட்டில் இழுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். தட்டைத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தேன். தட்டு முழுக்க, கோலப்புள்ளி வைத்த மாதிரி, சின்னச் சின்னதாகச் சிவந்த முத்துகள். ஒரு மனிதனைச் சாகடிக்கப் பார்த்த கிருமி. அதைப் பார்த்து நான் குதித்தேன். ஷிண்டே வந்து எதற்கென்று தெரியாமலே கூடக் குதித்தான். மேடம் வந்து, தட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்து, "காய் ரே, இத்தனை நாள் எங்கேடா இருந்தே?" என்றார்.

அன்றே வில்லைகளை வைத்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் நாங்கள் மூவரும் அந்தத் தட்டைச் சுற்றி நின்றோம். வார்டில் போட்டுக்கொண்டிருந்த ஊசியின் வில்லை: கிருமி முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. அதற்கு முந்தின ஊசி: அதுவும் அப்படியே. பெரியவர் தானாக வாங்கிப் போட்ட மாத்திரைகள்: ஒன்றுக்கும் வளையம் இல்லை. தட்டு மெல்லத் திரும்பியது. ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி, காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு வளையம். அகலமாக, சுத்தமாக. ஷிண்டே ஸ்கேல் வைத்து அளந்தான், மறுபடியும் அளந்தான். ஊசிகூட இல்லை, சாதாரணமாக வாயில் போடும் மாத்திரை அது. மேடம் அப்போதே வார்டுக்குப் போன் செய்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த நாள் பெரியவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார் என்று வார்டு டாக்டரே இறங்கி வந்து மேடத்திடம் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் நாள் அமுதா ஜன்னலுக்கு வந்தாள். இந்தத் தரம் தமிழில். "கடைசி ரிப்போர்ட் குடுங்க. இதுக்கப்புறம் நான் வர வேண்டியதில்ல இல்ல?"

ஷிண்டே என் முதுகுக்குப் பின்னால் நின்று இடித்தான். காகிதத்தை நீட்டினேன். அவளும் பிடித்தாள், நானும் விடவில்லை.

"ரிப்போர்ட் இனிமே கிடையாதுங்க. ஆனா நீங்க வரலாம்" என்றேன்.

என் ஆயுளில் நான் பேசிய நல்ல வாக்கியம் அது. இந்தத் தரம் தலையாட்டியது அவள்.

பெரியவர் என்னை வீட்டுக்கு வரச் சொல்லி இன்ஸ்பெக்‌ஷன் செய்தார். செருப்பைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். "வேலை இன்னா?" என்றார், தெரியாதவர் போல. "கிருமிக்குச் சமையல்" என்றேன். "அந்தச் சாப்பாடு துண்ணுதான அது வளந்துது. போட்டவனை வுடலாமா?" என்றார். ஒரு ரிமார்க்கும் இல்லாமல் பாஸானேன். கல்யாணத்தில் மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷிண்டே ஆடிய ஆட்டத்தில் பந்தல் கால் ஒன்று சாய்ந்தது.

இப்போது அந்த லேபில் தட்டுகள் ஊற்றிய நிலையிலேயே பெட்டியில் வந்து இறங்குகின்றன. எந்த மருந்து கேட்கும் என்று ஒரு மெஷின் சொல்கிறது. நல்லதுதான். முன்பைவிடச் சீக்கிரமாகத் தெரிகிறது. ஆனால் அந்த மெஷினுக்கும் பாட்டில் கீழே ஜன்னல் வழியாகத்தான் வர வேண்டும்.

இதை எழுதி முடித்து மேஜையில் வைத்திருந்தேன். மாமனார் எங்களோடு சாங்வியில்தான் இருக்கிறார். பூதக்கண்ணாடியை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தவர், "இன்னா மாப்ளே இது, கோழி கிளறினாப்புல கீது! அச்சாபீசுக்கு, ஆபீசருங்க கைக்குப் போறது. அடிச்சது திருத்தினது எல்லாத்தையும் எட்த்துட்டு, புதுப் பேப்பர்ல பளபளன்னு எழுதுங்க. அந்தக் கக்கூஸ் சமாசாரத்தையும் எட்த்துடுங்க" என்றார்.

நானும் புதுத் தாளை எடுத்தேன். அமுதா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீ கழுவி அனுப்பினதுல ஒண்ணுமே முளைக்கல, மறந்துட்டியா? ஏங்க, அப்படியே அனுப்புங்க."

அப்படியே அனுப்புகிறேன்.

சாங்வி, புனே.
ஆகஸ்ட் 3, 2025, ஞாயிற்றுக்கிழமை.